எட்டாயிரத்துக்கு ஒரு கீழ்வீடு

நான் சொல்லப்போவது அத்தனையும் நெசம். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் என்னை அழகர்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பதினெட்டாம்படிக் கருப்பு கதவுக்கு முன்னால் நிறுத்தி, சூடத்தைக் கொளுத்தி வையுங்கள். உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன். அங்கே பொய்ச்சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேர்ந்ததில்லை என்பார்கள். நான் இதுவரை நாலு தரம் சத்தியம் செய்திருக்கிறேன். நாலு தரமும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

என் பெயர் சோணைமுத்து. வயது எழுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் மேலூர் - மதுரை பஸ்ஸில் கண்டக்டர். மேலூரில் ஒரு கதையை ஆரம்பித்தால் மாட்டுத்தாவணியில் முடிப்பேன். முடியாவிட்டால் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். டிரைவர் ஸ்டாண்டுக்குள் இன்னொரு சுற்று சுற்றிக் கொண்டுவருவார். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் கதையின் முடிவு தெரியாமல் திரும்பவும் மேலூருக்கே டிக்கெட் எடுத்தார்கள். ஒருத்தருக்கு அன்றைக்குக் கல்யாணம்.

இப்படிப்பட்ட நான் இப்போது பதினோரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் எங்கள் வீட்டுக்காரர் மலைச்சாமி மாடியேறி வந்தார். நாங்கள் தல்லாகுளத்தில் ரெண்டாவது மாடியில் குடியிருந்தோம். பதினெட்டு வருடம். வாடகை ஏழாயிரம்.

"அண்ணே, வீட்டை இடிக்கப்போறேன்."

"யாரு மேல கோவம் மாப்ள?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. லிப்ட் வச்சு அஞ்சு மாடி கட்டப்போறேன். ஆனி முடியறதுக்குள்ள வேற வீடு பாத்துக்கங்க. ஆடி பொறந்துட்டா நீங்களும் குடி போக மாட்டீக, நானும் கடப்பாரை எடுக்க மாட்டேன்."

"லிப்ட் வச்சுக் கட்டுனதும் நாங்க திரும்பி வாரோம்."

"வாங்கண்ணே. வாடகை இருபத்தி ரெண்டாயிரம்."

எனக்கு வருகிற பென்சனில் எட்டாயிரத்துக்கு மேல் வாடகைக்கு ஒதுக்கினால் மாதத்தில் கடைசிப் பத்து நாள் காற்றைத்தான் தாளித்துச் சாப்பிட வேண்டும். எட்டாயிரத்துக்கு மதுரையில் மாடி வீடு கிடைக்கும். மேலே போகப்போக வாடகை குறையும். நாலாவது மாடியில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கீழ்வீடு என்றால் பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம், அதற்கு மேல் பத்து மாத அட்வான்ஸ்.

ஆனால் எனக்குக் கீழ்வீடுதான் வேண்டும். காரணம் என் மனைவி பாண்டியம்மாளின் முழங்கால்.

எங்கள் வீட்டுக்கு முப்பத்தோரு படி. காய்வண்டி வந்தால் அவள் இறங்கிப் போவாள். ஏறும்போது பதினாறாவது படியில் உட்கார்ந்து, முதல் மாடியில் குடியிருக்கும் ரம்யாஸ்ரீயிடம் பேசிக்கொண்டிருப்பாள். முதலில் ரெண்டு நிமிடம் பேசினாள். அப்புறம் பத்து நிமிடம். போன பங்குனியில் அரைமணி நேரம் பேசினாள். என்னதான் பேசுகிறார்கள் என்று எட்டிப்பார்த்தேன். ரம்யாஸ்ரீ வேலைக்குப் போயிருந்தாள். பூட்டிய கதவுக்கு முன்னால் பாண்டியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதை அவளிடம் கேட்க முடியாது. ஒரு தரம் கேட்டேன்.

"ஏ பாண்டி, முட்டி வலிக்குதா?"

"யாருக்கு? எனக்கா? எனக்கு என்ன வந்துச்சு?"

சொல்லிவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகவே விறுவிறுவென்று கீழே போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தாள். அப்புறம் உப்பு மறந்துவிட்டது என்று இன்னொரு தரம். அன்றைக்கு என் வாயால் அவளுக்கு நூற்றி இருபத்தி நாலு படி. அதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

புரோக்கர் சின்னச்சாமியைப் பிடித்தோம். அவர் காட்டிய வீடுகளை விவரித்தால் என்னைப் பொய்யன் என்பீர்கள். ஒரு வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். பட்டன் சுவரில் இடிக்கும். இன்னொரு வீட்டில் தோசையைத் திருப்பிப் போட்டால் பக்கத்து வீட்டுச் சட்டியில் போய் விழும். மூன்றாவது ஒரு வீடு. அது கீழ்வீடுதான். ரொம்பவே கீழே. எட்டுப் படி இறங்க வேண்டும்.

"இது கார் நிறுத்துற இடமில்லையாப்பா?"

"காரு இப்ப இல்லண்ணே."

"வந்துட்டா?"

"சாயங்காலம்தான் வரும். நீங்க வாக்கிங் போயிருங்க."

பிறகுதான் அந்த நல்ல வீடு வந்தது. அண்ணா நகரில், ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவருடையது. தரைத்தளம், ரெண்டு அறை, வீட்டுக்குள்ளேயே குழாய். எங்களுக்குப் பிள்ளைகுட்டி தொந்தரவு இல்லை என்றதும் எட்டாயிரத்துக்கு இறங்கி வந்தார். பாண்டியம்மாள் அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்தாள். பிடித்துவிட்டது என்று அர்த்தம். அட்வான்ஸைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருந்தது. அப்போது அந்த மனிதர் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

கேட்கலாமா? கேட்டுவிட்டார். நான் ஆட்டுக் கதையை எடுத்தேன். தொண்ணூற்றி ஒன்றில் மேலூரில் ஒரு அம்மா சினை ஆட்டோடு பஸ்ஸில் ஏறியது. ஆட்டுக்கு ஒரு டிக்கெட் கிழித்தேன். ஒத்தக்கடை வருவதற்குள் அது ரெண்டு குட்டி போட்டுவிட்டது. இப்போது குட்டிகளுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா, ஏறிய இடம் மேலூரா, ஒத்தக்கடையா? பஸ் முழுக்க ரெண்டு கட்சியாகப் பிரிந்து... சுருக்கமாகத்தான் சொன்னேன். ஐம்பது நிமிடம் இருக்கும்.

தலைமையாசிரியர் எழுந்தார். "வீட்டை வாடகைக்கு விடறதா வேணாமான்னு இன்னும் யோசிக்கல" என்றார். உள்ளே போனார்.

ஷேர் ஆட்டோவில் பாண்டியம்மாள் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான் பேசுனதுல என்னடி தப்பு?"

"தப்பே இல்ல. நல்லாத்தான் பேசுனீங்க."

"பெறகு?"

"அவரு உள்ள போயிக் கதவைச் சாத்துனாரு. சாத்துனதுக்கு அப்புறமும் பேசுனீங்க பாருங்க, அதான்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "விடுங்க. புதூருல மூணாவது மாடி ஒண்ணு இருக்காம். ஏழாயிரம். காத்து நல்லா வருமாம்."

மூன்றாவது மாடி. மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பத்தேழு படியாவது இருக்கும். பதினாறாவது படியில் ஒன்று, முப்பத்திரண்டாவது படியில் ஒன்று என்று ரெண்டு பூட்டிய கதவுகளோடு அவள் பேச வேண்டியிருக்கும்.

அன்றைக்கு வீட்டு மாடிப்படியில் கால் வைத்தபோதே முடிவெடுத்தேன். அவளுக்கு வலிக்கிறது என்று சொன்னால்தானே சண்டை? எனக்கு வலிக்கிறது என்று சொன்னால்? பத்தாவது படியில் "அம்மா" என்று உட்கார்ந்தேன்.

"என்னங்க?"

"முட்டி. பிடிச்சுக்கிச்சு. இனிமே இந்தக் காலை வச்சுக்கிட்டு மாடி வீட்ல காலம் தள்ள முடியாது பாண்டி. கீழ்வீடுதான் பாக்கணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். "ஐயோ பாவமே" என்றாள். நாற்பத்து நாலு வருட வாழ்க்கையில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் முடக்கத்தான் கீரை வந்தது. முட்டி வலிக்கு அதைவிட மருந்து இல்லையாம். காலையில் முடக்கத்தான் தோசை. மத்தியானம் முடக்கத்தான் ரசம். ராத்திரி முடக்கத்தான் துவையல். மூன்றாம் நாள் என் வேர்வையே பச்சையாக வந்தது. வேட்டியில் கறை பிடித்தது. கருப்பு மேல் ஆணை.

ஆனால் ஒரு வேலை செய்தேன். "எனக்கு மட்டும் ஊத்தாத, தனியாத் தின்னா எறங்க மாட்டேங்குது. நீயும் சாப்பிடு" என்றேன். அவளும் சாப்பிட்டாள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி என் முட்டியில் தேய்ப்பாள். "உன் கைச்சூடு பத்தல. உன் முட்டியில தேச்சுச் சூடாக்கிட்டு அப்புறம் எனக்குத் தேயி" என்பேன். மருத்துவத்தில் இல்லாத முறைதான். அவள் ஒன்றும் கேட்காமல் செய்தாள். ரெண்டு முட்டிக்கும் எண்ணெய் போனது. நான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்டிக்காரத்தனத்துக்கு விலை உண்டு. டீக்கடைக்குக் கிளம்பினேன்.

"எங்க போறீக?"

"டீக்கடைக்கு."

"முப்பத்தோரு படி எறங்கியா? இந்தக் காலோடயா? உக்காருங்க. டீ நான் போடுறேன்."

"பேப்பரு?"

"ரம்யாஸ்ரீ கொண்டாந்து குடுக்கும்."

"ஆளுகளைப் பாக்கணுமே."

"ஆளுகளுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு. அவுக வரட்டும்."

ஒருத்தனும் வரவில்லை. முப்பத்தோரு படி ஏறி வந்து என் கதையைக் கேட்பதற்கு அந்தப் பயல்களுக்கு என்ன தலையெழுத்தா? ஒன்பது நாள் வீட்டுச் சிறை. எனக்கும் கதை கேட்க ஒரு பல்லிதான் இருந்தது. அதுவும் ஆறாம் நாள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஒன்பது நாளும் பாண்டியம்மாள் சாயங்காலம் ரம்யாஸ்ரீயின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு வீடு பார்க்கப் போனாள். ரம்யாஸ்ரீ சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் வேலை. வீட்டில் நான் பேசியது போக மிச்சம் கிடைக்கும் நேரத்தில் பாண்டியம்மாள் பேசியதெல்லாம் அந்தப் பிள்ளையோடுதான். ரெண்டும் திரும்பி வரும்போது ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வரும். நான் நொண்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால் சிரிப்பை நிறுத்திவிடும்.

பத்தாம் நாள் சொன்னாள். "நாளைக்கு ஒரு வீடு பாக்கப் போறோம். வண்டியூர் தெப்பக்குளத்துக்கிட்ட. ரம்யாஸ்ரீயோட பெரியப்பா வீடு. ஹரிராம்னு பேரு. சேலை யாவாரம் பாத்தவரு. மாடியில அவரு இருக்காரு. கீழ காலியா இருக்கு."

"வாடகை?"

"பத்து சொல்றாரு."

"நான் பேசி எட்டாக்கிடுறேன்."

"நீங்க பேச வேணாம்" என்றாள். "வந்து நின்னாப் போதும்."

ஆட்டோவில் போய் இறங்கினோம். தெருமுனையில் நின்றால் தெப்பக்குளத்தின் நடுமண்டபம் தெரிந்தது. தண்ணீர் நிறையக் கிடந்தது. குளத்தை ஒட்டி மாரியம்மன் கோயில். காற்று சில்லென்று வந்தது. நான் வலது காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

ஹரிராம் வாசலில் நின்றார். மெலிந்த, சுத்தமான மனிதர். நெற்றியில் மெல்லிய நாமம். மெதுவாகப் பேசினார்.

"வாங்கம்மா. முன்னாடியே சொல்லிடறேன். எனக்குக் குடி வர்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் வேணும். சத்தம் கூடாது. முன்னாடி இருந்தவர் மனை புரோக்கர். விடியக்காலையிலேருந்து போன்ல பேசுவார். நான் மேல பூஜையில உக்காந்திருப்பேன். ஒருநாள் அர்ச்சனைக்கு நடுவுல என் வாயில 'கார்னர் பிளாட், சென்ட்டு நாலு லட்சம்'னு வந்துடுச்சு. பெருமாள் முன்னாடி."

நல்ல விஷயம். இதற்குப் பொருத்தமாக என்னிடம் ஒரு கதை இருந்தது. பஸ்ஸில் ஒரு பட்டர்... வாயைத் திறந்தேன்.

பாண்டியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அதுக்குத்தான்யா இவரைக் கூட்டியாந்தேன். இவரு பேச மாட்டாரு."

ஹரிராம் என்னைப் பார்த்தார். நான் பாண்டியம்மாளைப் பார்த்தேன்.

"கால் முடியாமப் போயிருச்சு. அந்தா இருக்காளே மாரியாத்தா, அவகிட்ட வேண்டுதல். ஒரு வருசம் பேசாம இருக்காரு. மௌன விரதம்."

என் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு பெரிய கொட்டாவி விட்டு அதை மூடினேன்.

ஹரிராமின் முகம் மாறிவிட்டது. "ஒரு வருஷமா? நான் ஏகாதசிக்கு ஒருநாள் இருந்து பாத்தேன். மத்தியானத்துக்கு மேல முடியல." என்னைப் பார்த்து லேசாகக் கும்பிட்டார்.

இந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சொல்வதற்கு நாக்கு நுனியில் நூறு வார்த்தை நின்றது. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

வாசலில் ஒரே ஒரு படி. பாண்டியம்மாள் அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனாள். நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. கூடத்தில் நடந்தாள். அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள். பின்வாசலைத் திறந்து கொடிக்கயிறு கட்டுகிற இடத்தைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். வீடு முழுக்க ஒரு சுற்று. வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோது காப்பித் தட்டோடு நடந்து வந்தாளே, அதே நடை. தல்லாகுளம் வீட்டில் அந்த நடையை எந்தப் படியில் தொலைத்தாள் என்று தெரியவில்லை. இங்கே வந்து எடுத்துக்கொண்டாள்.

நூறு வார்த்தையையும் விழுங்கினேன்.

"வாடகை எட்டாயிரம் குடுங்கம்மா" என்றார் ஹரிராம். "விரதக்காரர் நம்ம வீட்ல இருக்கறது நமக்கும் நல்லது."

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். ஹரிராம் வந்து ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் படியேறிப் போனார். நான் முன்கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். அடுப்படிக்குப் போய் ரகசியமாகச் சொன்னேன்.

"அப்பாடா. பாண்டி, பிரமாதம்டி. நல்லாக் கதை விட்ட. இனிமே வீட்டுக்குள்ள மெதுவாப் பேசிக்கலாம். வெளியில போனா டீக்கடையை ரெண்டு தெரு தள்ளிப் பாத்துக்கிறேன்."

அவள் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன கதை?"

"வேண்டுதல் கதைதான்."

"கதை இல்லங்க. நெசமாத்தான் வேண்டிக்கிட்டேன். நாம வீடு பாக்க வந்ததுக்கு மொத நாளு, ரம்யாஸ்ரீயோட கோயிலுக்கு வந்தேன். ஆத்தா, எட்டாயிரத்துக்கு ஒரு கீழ்வீடு அமைச்சுக் குடு, எங்க வீட்டுக்காரரு ஒரு வருசம் பேசாம இருப்பாருன்னு. வெளக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

நொண்ட மறந்து ரெண்டே எட்டில் அவளிடம் போனேன்.

"அடியே, கால்வலியே பொய்யிடி."

"தெரியும். ரெண்டாம் நாளு எடது கால நொண்டுனீங்க. நாலாம் நாளு வலது காலு. நடுவுல ஒருநாள் நொண்டவே மறந்துட்டீங்க. முடக்கத்தான் வாசம் வந்ததும் ஞாபகம் வந்து நொண்டுனீங்க."

"தெரிஞ்சுக்கிட்டா அம்புட்டுக் கீரையையும் ஊத்துன?"

"எனக்கு வேணும்ல. எனக்குன்னு ஆஞ்சா நீங்க கேப்பீங்க. உங்களுக்குன்னு ஆஞ்சா ஒருத்தரும் கேக்க மாட்டாக."



"சரி. வேண்டுறவ உன் வாயை வச்சு வேண்டியிருக்கலாம்ல? என் வாயை எதுக்கு வேண்டுன?"

"பிள்ளைக்கு மொட்டை போடுறேன்னு தாய் வேண்டிக்கிறதில்லையா? பிள்ளையைக் கேட்டுக்கிட்டா வேண்டுறாக? முடி யாரோடது, வேண்டுதல் யாரோடது?"

நான் விடவில்லை.

"மாவிளக்குன்னு வேண்டியிருக்கலாம். அங்கப்பிரதட்சணம்னு... சரி, அது வேணாம். ஒரு சேலை சாத்துறேன்னு வேண்டியிருக்கலாம்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"வீட்ல இருக்கதுலேயே பெரிய பொருளைத்தான் சாமிக்குக் குடுக்கணும்பாக. நம்ம வீட்ல பீரோவைத் தொறந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. என் கழுத்துல கெடக்குறது ஒரு கயிறு. சுத்திச் சுத்திப் பாத்தேன். உங்க பேச்சு ஒண்ணுதான் இருந்துச்சு. அதான் நம்ம வீட்டு நகை. அதைக் கழட்டிக் குடுத்துட்டேன்."

அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஆத்தா கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஏமாற்றவும் முடியாது.

முதல் மாதம் நான் பட்ட பாட்டைக் கருப்பு அறிவான். உள்ளே அடைபட்ட கதைகளால் வயிறு உப்பி, சட்டை பத்தாமல் போய்விட்டது. தும்மினால் பாதிக் கதை வெளியே வரும். இருமலை இழுத்து இழுத்து இருமினேன். ஆவணியில் நொண்டுவதையும் நிறுத்திவிட்டேன். மூடிய வாயையும் நொண்டிக் காலையும் ஒன்றாக எப்படிச் சுமப்பது? அது இன்னொரு வம்பாகப் போயிற்று. "விரதம் ஆரம்பிச்ச ரெண்டே மாசத்துல கால் வந்துடுச்சு பாருங்க" என்று ஹரிராம் தெப்பக்குளத்துக்கு நாலு கரையிலும் சொல்லிவிட்டார். முட்டி வலிக்காரப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி என் முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் என்ன செய்வது? கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினேன்.

சாயங்காலம் ரெண்டு பேரும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம். அவள்தான் கூப்பிடுவாள். ஒரு கரை நடந்தால் ஒரு இடத்தில் உட்காருவோம். நான் பேசாததால் அவள் பேசினாள். நாற்பத்து நாலு வருடத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவளுடைய அக்காவின் சடங்கில் ஒரு கோழி என்ன செய்தது என்று மூன்று நாள் சொன்னாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் டூட்டி முடிந்து பஸ் வரும் சத்தத்தை வைத்தே, அன்றைக்கு நான் என்ன மனநிலையில் வருவேன் என்று கண்டுபிடித்துவிடுவாளாம். அது எனக்குத் தெரியவே தெரியாது. அவள் சொன்னதே இல்லை. சொல்ல நான் எப்போது விட்டேன்?

கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. என்னைவிட நன்றாகவே கதை சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களும் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தார்கள். தை மாதத் தெப்பத் திருவிழா வருவதற்குள் அவளைச் சுற்றிப் பத்துப் பேர் கூட்டம். அதில் ஒருநாள் என் ஆட்டுக் கதையையே எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஆட்டுக்கு டிக்கெட் போட்டாருல்ல. ஒத்தக்கடையில வச்சு, குட்டிக்கு என்ன டிக்கெட்டுன்னு ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டுக்கிட்டிருக்காரு. அந்த நேரத்துல ஆடு இவரு டிக்கெட் கட்டைத் தின்னுருச்சு. முழுக் கட்டையும்."

அபாண்டம். ஆடு தின்றது முழுக் கட்டை இல்லை. பாதிதான். அதைச் சொல்லத் துடித்தேன். விரலால் பாதி என்று காட்டினேன்.

"பாத்தீகளா, ஆமாங்குறாரு" என்றாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்புக்கு விரதம் இல்லை.

இப்படியே நாள் ஓடியது. காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். இந்த வைகாசியில் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தம் போட ஹரிராம் முத்திரைத்தாளோடு இறங்கி வந்தார். தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று ஏற்றியிருந்தார்கள். ஏற்றினால் எங்களால் முடியாது. திரும்பவும் சின்னச்சாமி, திரும்பவும் மாடி, திரும்பவும் படி.

ஹரிராம் தாளை நீட்டினார். "அதே எட்டாயிரம்தாம்மா. ஏத்தல. மனசு வரல." கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டு மேலே போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடு தங்கிவிட்டது. காலண்டரைப் பார்த்தேன். விரதம் முடிய இன்னும் இருபத்தெட்டே நாள். இருபத்தொன்பதாம் நாள் காலையில் தெப்பக்குளத்துக் கரையில் நின்று, அந்த ஆடு எத்தனை டிக்கெட் தின்றது என்று உலகத்துக்குச் சொல்லப்போகிறேன். பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த நோட்டில் பெரிதாக '28' என்று எழுதி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

பாண்டியம்மாள் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தாள்.

"போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன்ல. வாடகை ஏத்தாம இருந்தா இன்னொரு வருசம் பேச மாட்டாருன்னு வேண்டிக்கிட்டேங்க."

நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எழுதினேன்: 'என்னை ஒரு வார்த்தை கேட்டியா?'

எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கேட்டேனே. அன்னைக்குச் சாயங்காலமே, தெப்பக்குளத்துல வச்சு. நீங்க வேணாம்னு ஒண்ணும் சொல்லலையே."

இவ்வளவுதான் நடந்தது. வேண்டுதல் வாய்க்குத்தான், கைக்கு இல்லை என்பதால் எழுதிவிட்டேன். படித்தவர்கள் நாலு பேருக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ஹரிராம் மாடியில்தான் இருக்கிறார். எட்டாயிரத்துக்கு மதுரையில் இன்னொரு கீழ்வீடு கிடையாது.